வாசக மேடையில் யார் நிற்பது?

பொருநைக்கரை
ஜூன் 17, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள ஒரு கத்தோலிக்கக் கோவில்தான் எங்கள் பங்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஞாயிறு திருப்பலியில் (பூசையில்) விவிலியம் வாசிக்கும் வாசகர்களின் பட்டியலைப் போடும் வேலை 11 ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டத்தில் நிற்கிறேன்; உங்கள் பங்குகளின் அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தூய ஆவியின் பெருவிழாவான பெந்தக்கோஸ்து அன்று முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரம், பல நாட்டுப் பெயர்கள் அடுக்கி வரும் பகுதி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) முறை. பீடி சுற்றும் அக்கா ஒருவர் வாசிக்கச் சம்மதித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் தாளை அவர் கையில் கொடுத்தேன். அது முழுக்க என் தவறு.

பார்த்தர், மேதியர், எலாமியர் வரை நன்றாகவே வந்தார். மெசப்பொத்தாமியாவில் நாக்குத் தட்டியது. கப்பதோக்கியாவை இரண்டு முறை தொடங்கினார். மூன்றாவது முறை வாயெடுத்தபோது பாடகர் குழு இருந்த பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பம்பிலியாவை விட்டுவிட்டு எகிப்துக்குப் போனார். முடித்ததும் ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ என்று சொல்லாமலேயே இறங்கிவிட்டார். மக்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். அடுத்த ஞாயிறு அவரைத் தேடினேன். பின்வாசலை ஒட்டிய தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

இப்போது பங்குப் பேரவையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. இனி நிரந்தரமாக ஆறு வாசகர்கள் போதும். ஆறு பேரும் ஆசிரியர்களாகவோ பட்டம் பெற்றவர்களாகவோ இருக்கட்டும் என்கிறார்கள். பங்குத்தந்தை முடிவை எங்கள் குழுவிடமே விட்டுவிட்டார். என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ‘வாசகம் ஒன்றும் விளங்கவில்லை அம்மா’ என்று வயதானவர்கள் பல ஞாயிறுகளில் என்னிடம் வருத்தப்பட்டதும் உண்மை. உங்கள் பங்கில் என்ன செய்கிறீர்கள்?


தேரிக்காடு
ஜூன் 17, இரவு 11.05

தங்கச்சி, எனக்கு 74 வயது. சிறுவனாக இருந்தபோது லத்தீன் பூசைக்கு உதவி செய்தவன். குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்பார். கீழே நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். வாசகம் என்று ஒன்று நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்களின் மாமன்றத்துக்குப் பிறகு திருப்பலி தமிழுக்கு வந்தது. என் தகப்பனார் எழுத்தறியாதவர். கடலும் மடியுமாக வாழ்ந்தவர். இறைவாக்கினர் எசாயாவின் நூலை முதன்முதலாகத் தமிழில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், ‘இதையா இத்தனை காலமும் சாமியார் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த சோறு. அதைக் கல்லோடு பரிமாறாதீர்கள். ஓசேயா நூலில் ஆண்டவர் விரும்புவது பலியை அல்ல, இரக்கத்தை என்று வருகிறது. போன ஆண்டு எங்கள் ஊரில் ஒரு தம்பி அதைப் ‘பழியை அல்ல’ என்று வாசித்தான். வாழ்வு என்பது ‘வாள்வு’ ஆகிறது. இறந்தார் என்பது ‘இரந்தார்’ ஆகிறது. செத்தவரைப் பிச்சை எடுக்க வைக்கிறோம். தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். ஆறு பேர் என்றால் ஆறு பேர் இருக்கட்டும். நன்றாக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும்.


சேரன்மாதேவி_ரயில்
ஜூன் 18, காலை 6.15

வாசகத்தை விட முன்னுரை நீளமாக இருப்பதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? எங்கள் பங்கில் திருப்பலி முன்னுரை, முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை என்று மூன்று இருக்கின்றன. போன ஞாயிறு இரண்டாம் வாசகம் ஐந்தே வசனம். அதற்கு முன்னுரை ஒரு பக்கம். பவுல் சொல்லப்போவதையெல்லாம் முன்னுரைக்காரர் சொல்லி முடித்துவிட்டார்.


மறைக்கல்வி_ஞாயிறு
ஜூன் 18, மாலை 4.30

முன்னுரைக்கான விடையும் பொருநைக்கரை அக்காவின் கேள்விக்கான விடையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. திருப்பலியை எப்படி நடத்துவது என்று சொல்லும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையை எடுத்துப் பாருங்கள். விளக்கம் தருபவர், அதாவது முன்னுரை சொல்பவர், சுருக்கமாகப் பேச வேண்டும்; வாசக மேடையில் நின்று பேசக் கூடாது; மக்கள் பார்வையில் படும் வேறோர் இடத்தில் நிற்க வேண்டும் என்று 105ஆம் எண்ணில் இருக்கிறது. அந்த மேடை வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் உயிர்ப்பு விழா இரவில் பாடும் பாஸ்கா புகழுரைக்கும் உரியது. மறையுரையையும் மன்றாட்டுகளையும் அங்கே சொல்லலாம். அறிவிப்புக்கும் நன்கொடைப் பட்டியலுக்கும் அங்கே இடமில்லை.

இனி வாசகர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில் 29ஆம் எண், பீடச் சிறுவர், வாசகர், விளக்கம் தருவோர், பாடகர் குழு ஆகியோர் செய்வதை உண்மையான திருவழிபாட்டுப் பணி என்றே சொல்கிறது. குருவானவருக்கு ஒத்தாசை என்று சொல்லவில்லை. நற்செய்தியைத் தவிர மற்ற வாசகங்களை வாசிப்பது திருப்பலி நிறைவேற்றுபவரின் வேலையே அல்ல. கோவிலில் நல்ல வாசகர் இருக்கும்போது பங்குத்தந்தையே எழுந்து முதல் வாசகத்தை வாசிப்பது முறையல்ல.

1972 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல், குருப்பட்டத்துக்கு முந்தைய படிகளாக இருந்த பழைய சிறுபட்டங்களை நீக்கினார். வாசகர், பீடத்துணைவர் என்ற இரண்டைப் பணிகளாக வைத்து, குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கும் திறந்துவிட்டார். ஆனால் ஆண்களுக்கு மட்டும். அந்தத் தடையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரி 10 அன்று நீக்கித் திருச்சபைச் சட்டம் 230இன் முதல் பத்தியை மாற்றினார். நம் ஊர்களில் ஞாயிறுதோறும் வாசிக்கும் நாம் பெரும்பாலும் அந்தப் பணிக்கான சடங்கின் வழியாக நிறுவப்பட்ட வாசகர்கள் அல்ல. அதே சட்டத்தின் இரண்டாம் பத்திப்படி அந்தந்த வேளைக்கு அழைக்கப்படுபவர்கள். அப்படி அழைக்கப்படுபவருக்குப் படிப்பினையின் 101ஆம் எண் இரண்டு தகுதிகள் சொல்கிறது. அந்தப் பணிக்குப் பொருத்தமானவராக இருக்க வேண்டும். கவனமாகத் தயாரிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பட்டப்படிப்பு அதில் இல்லை.

இரண்டாவது தகுதியைக் கவனியுங்கள். தயாரிக்கப்பட்டவர் என்றால் தயாரிக்க ஒருவர் இருக்க வேண்டும். அது பங்கின் கடமை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு ஞாயிறு காலை அவரிடம் குறை காண நமக்கு உரிமை இல்லை. அக்கா, நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

தாளைப் பற்றி இன்னொன்று. வாசக நூலுக்குப் பதிலாகத் துண்டுத் தாளைப் பயன்படுத்தக் கூடாது என்பது வாசக நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது. வீட்டில் பழகத் தாள் இருக்கட்டும். மேடையில் நூல் இருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்து வாசிப்பதை இனியாவது நிறுத்துங்கள்.


களக்காட்டு_வாழை
ஜூன் 18, இரவு 10.20

தேரிக்காடு ஐயா, வயதில் பெரியவர் நீங்கள், மரியாதையோடு சொல்கிறேன். ‘நன்றாக வாசிப்பவர்கள்’ என்ற சொல் எங்கள் தெருவில் வேறு மாதிரி ஒலிக்கும்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பங்கிலும் இப்படி ஒரு நிரந்தரப் பட்டியல் இருந்தது. எட்டுப் பெயர்கள். எட்டும் கோவிலைச் சுற்றியுள்ள இரண்டு தெருக்களில் அடங்கிவிடும். எங்கள் தெருவிலிருந்து யாரும் இல்லை. ஏன் என்று என் அம்மா ஒருமுறை கேட்டதற்கு, ‘உங்கள் ஆட்களுக்கு உச்சரிப்பு வராது’ என்றார் பட்டியல் போட்டவர். அம்மா அப்போது அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்று நாலு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இரவு விளக்கு வைத்ததும் திருவிவிலியத்தைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் தூங்குவோம். அந்தக் குரல் கோவிலுக்கு ஆகவில்லை.

நம் சீமையின் வரலாறு தெரிந்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டார்கள். வடக்கன்குளம் கோவிலில் சாதி வாரியாக மக்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910இல் அது இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து, பிரிவினை வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதே வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் ஒரு பொதுநிலையினர். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரின் பின்னால் இருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். சுவர் போய்விட்டது, பெயரின் வால் போய்விட்டது. பட்டியலில் மட்டும் அது திரும்ப வந்துவிடக் கூடாது. ஆறு பேர் பட்டியலைப் போட்டுவிட்டு, அந்த ஆறு பேரின் வீடுகள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள் அக்கா.


ஊசிக்கோபுரம்
ஜூன் 19, காலை 7.50

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன், உங்கள் இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எங்கள் சேகரத்தில் பல ஊர்ச் சபைகளுக்கு ஒரே ஐயர் (போதகர்). அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியாரே ஆராதனை நடத்துவார். பாடங்களைச் சபையார் வாசிப்பார்கள். ஆகவே இது எங்களுக்குப் புதிய கேள்வி அல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் தோன்றுகிறது. எங்களில் அநேகமாக எல்லோரும் வேதாகமத்தோடு ஆலயத்துக்கு வருவோம். அதிகாரத்தைச் சொன்னதும் பக்கம் புரளும் சத்தம் கேட்கும். வாசிப்பவர் தடுமாறினாலும் எங்கள் கண் அந்த வரியில் இருக்கும். என் மனைவி வீட்டார் கத்தோலிக்கர். அவர்களோடு பூசைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன், எல்லோரும் வெறுங்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் காது மட்டும்தான். அதனால் உங்கள் வாசகரின் தோளில் பாரம் அதிகம் என்று நினைக்கிறேன்.


தேரிக்காடு
ஜூன் 19, இரவு 8.30

களக்காட்டுத் தம்பிக்கு: உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். உங்கள் அம்மாவிடம் அப்படிச் சொன்னது பாவம். எங்கள் கடற்கரையில் எல்லோரும் ஒரே இனத்தவர் என்பதால் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. ஆறு பேர் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஊசிக்கோபுரம் தம்பி சொன்னது சரி. எங்களுக்குக் காதுதான். அது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஜெபங்களைத் தமிழில் சொல்லவைத்து மனப்பாடம் ஆக்கினார். அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, மக்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைகளை நியமித்துவிட்டுப் போனார். அவர்கள் யார்? குருப்பட்டம் பெறாத நம் ஆட்கள். தமிழ் எழுத்தில் ஜெபநூல் அச்சில் வந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னால். போர்த்துக்கீசியக் குருவான அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. புத்தகம் வருவதற்கு முன்பே எங்கள் ஊர்களில் விசுவாசத்தைக் குரல்தான் சுமந்தது.

ஆனால் தயாரிப்பு என்ற இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எப்படித் தயாரிப்பது என்று கேட்டால் சொல்கிறேன். வாசகத்தை முதலில் வாசிக்க விடாதீர்கள். கதையாகச் சொல்லவையுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், கோபமா, ஆறுதலா என்று அவர் வாயால் வரட்டும். பிறகு எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போடுங்கள். எசாயா 40ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்காலம் இரண்டாம் ஞாயிறு, வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டில் வரும். குரல் ஒன்று முழங்குகிறது என்று சொல்லி நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்கச் சொல்லும் கட்டளை. நிறுத்தாமல் ஓடினால் குரல் பாலைநிலத்தில் முழங்குவது போல ஆகிவிடும். எசாயாவில் பாலைநிலம் வழி போட வேண்டிய இடம். சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புகிற வழி அது. ஒரு மூச்சில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

நாடகம் வேண்டாம். அழுகிற இடத்தில் அழுது காட்ட வேண்டாம். தலைப்பின் கீழே சாய்வெழுத்தில் இருக்கும் ஒரு வரிச் சுருக்கத்தையும் அதிகார எண்களையும் வாசிக்க வேண்டாம். முடித்ததும் ஒரு மூச்சு நின்றுவிட்டு ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ என்று மக்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தலையைத் தொங்கப்போட்டு முணுமுணுத்தால் மறுமொழியும் முணுமுணுப்பாகத்தான் வரும்.


மைக்செட்
ஜூன் 20, மதியம் 1.10

நான் 20 வருடமாக ஒலிபெருக்கித் தொழிலில் இருக்கிறேன். வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் சுற்றில் பல கோவில்களுக்கு நான்தான் வேலை செய்கிறேன். நீங்கள் ‘விளங்கவில்லை’ என்று சொல்வதில் பாதி உச்சரிப்புக் குறை அல்ல, மைக் குறை.

உயரமான ஆள் வாசித்துவிட்டுப் போவார். அடுத்து குள்ளமான அம்மா வருவார். மைக் அவர் நெற்றிக்கு நேரே இருக்கும். அதை இறக்கப் பயந்து அப்படியே வாசிப்பார். குரல் நூலுக்குள் விழுந்துவிடும். வாசகர்கள் எல்லோருக்கும் மைக் கழுத்தை வளைக்கக் கற்றுக்கொடுங்கள். வாய்க்கு நேராக வேண்டாம், சற்றுத் தாழ்வாக, ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அப்போது ப வரும் இடங்களில் புஸ் என்ற காற்றுச் சத்தம் வராது. பழைய உயரக் கூரைக் கோவில்களில் எதிரொலி அடங்க நேரம் எடுக்கும். ஒரு சொல்லின் வால் அடங்கும் முன் அடுத்த சொல்லை விட்டால் இரண்டும் கலந்து இரைச்சல்தான் மிஞ்சும். வேகமாக வாசிக்கும் பட்டதாரியை விட நிதானமாக வாசிக்கும் பாட்டி தெளிவாகக் கேட்பார். இதை நான் எத்தனையோ கோவில்களில் பார்த்துவிட்டேன்.

ஆள் இல்லாத கோவிலில் மைக் போட்டு ஒருமுறை வாசிக்கவையுங்கள் அக்கா. தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை முதல்முறை கேட்கும்போது எல்லோருக்கும் பதறும். அந்தப் பதற்றம் ஞாயிறு அன்று முதல்முறையாக வரக் கூடாது.


பொருநைக்கரை
ஜூலை 9, இரவு 10.00

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. ஆறு பேர் யோசனையை எங்கள் குழு ஏற்கவில்லை என்று பேரவையில் சொல்லிவிட்டேன். மறைக்கல்வி அண்ணாச்சி காட்டிய 101ஆம் எண்ணை அப்படியே வாசித்தேன். களக்காட்டுத் தம்பி சொன்னபடி, பேசிய ஆறு பெயர்களுக்கு நேரே தெருப் பெயர்களை எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாசகர்களுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுகிறோம். வியாழன் மாலை கோவிலைத் திறந்து மைக் போட்டுப் பழகுகிறோம். முன்னுரை நான்கு வரிக்கு மேல் கூடாது. அதைச் சொல்பவர் பாடகர் குழுப் பக்கம் நிற்கிறார். முன்னுரை எழுதும் அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்த அக்காவின் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் தடவை ‘வேண்டாம், மானம் போனது போதும்’ என்றார். இரண்டாவது தடவை போனபோது மடியில் முறத்தோடு திண்ணையில் இருந்தார். இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைச் சுற்றிக்கொண்டே, விரலைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: ‘மாதா திருநாளுக்கு என்ன வாசகம்?’


பொருநைக்கரை
ஆகஸ்ட் 6, இரவு 9.15

தேரிக்காடு ஐயாவிடம் ஒரு சந்தேகம். மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவின் முதல் வாசகம் அக்காவுக்கு. திருவெளிப்பாடு 12. கதிரவனை உடுத்திய பெண், காலடியில் நிலா, தலையில் பன்னிரண்டு விண்மீன்கள். தாளைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். இலை வெட்டும்போது ஒரு வரி, கட்டுப் போடும்போது ஒரு வரி என்று முழுவதும் மனத்தில் ஏறிவிட்டது.

நீங்கள் சொன்னபடி முதலில் கதையாகச் சொல்லச் சொன்னேன். ‘அந்தப் பெண் பேறுகால வலியில் கதறுகிறாள். பிள்ளை பிறந்ததும் விழுங்குவதற்கு அரக்கப் பாம்பு எதிரே வந்து நிற்கிறது. அவள் ஓடவும் முடியாது’ என்றார். பிறகு, ‘எனக்கு மூத்தவன் பிறந்தபோது மழை. பஸ் இல்லை. விடியும்வரை வீட்டில் கிடந்தேன். எனக்கு இது தெரியும்’ என்றார். ‘கதறினார்’ என்ற சொல்லைக் குரல் உயர்த்தி வாசிக்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?


தேரிக்காடு
ஆகஸ்ட் 6, இரவு 9.50

உயர்த்த வேண்டாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கச் சொல்லுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். நான் சொல்லிக்கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.


பொருநைக்கரை
ஆகஸ்ட் 15, மதியம் 12.30

காலையில் கொடியேற்றி முடித்துத் திருப்பலி. கோவில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அக்கா படியேறினார், மைக்கை இறக்கினார், நூலின் நாடாவை ஒதுக்கினார். ‘கதறினார்’ என்பதற்கு முன்னால் நின்றார். ஒரு மூச்சுக்கும் சற்று அதிகம். என் முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் ‘ஐயோ’ என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஓர் இடத்தில் ஒரு சொல்லைத் திருப்பி வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ என்றார். ‘இறைவா உமக்கு நன்றி’ என்ற மறுமொழி வாசலில் நின்றவர்களிடமிருந்தும் வந்தது.

பூசை முடிந்து மாதா கெபி (குகை) அருகே என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பெந்தக்கோஸ்துக்கு முதல் வாசகத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டியலில் எழுதி வைத்துவிட்டேன்.